நன்னடத்தை உத்தியோகத்தர்: நம் பெண்பிள்ளைகள் அறியாத ஒரு பணி



உயர்தரப் பரீட்சைப் பெறுபேறு வெளியாகும் நாட்களில் நம் வீடுகளில் நடக்கும் பேச்சு எனக்கு நன்கு தெரியும். விஞ்ஞானப் பிரிவுப் பிள்ளைக்கு வைத்தியத்துறை. கலைப்பிரிவுப் பிள்ளைக்குக் கல்வியியற் கல்லூரி. அதுவும் கிடைக்காவிட்டால் ஒரு கணினி வகுப்பு, பிறகு கல்யாணம். சமூகவியல், உளவியல் என்று பல்கலைக்கழகத்தில் படித்துவிட்டு, ஆசிரிய நியமனம் வரும்வரை வீட்டில் காத்திருக்கும் பிள்ளைகள் நம் ஊர்களில் எத்தனை பேர்!

அத்தகைய பிள்ளைகளுக்கும் அவர்களின் தாய்மாருக்கும் ஒரு பணியைப் பற்றிச் சொல்லவே இதை எழுதுகிறேன். 'புரொபேசன் ஒபிசர்' என்று ஊரில் சொல்வார்கள். தமிழில் நன்னடத்தை உத்தியோகத்தர். பெயரைக் கேட்டதும் "அது கோடு கச்சேரி ஏறும் வேலையல்லவா?" என்று முகம் சுளிக்காமல் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் நினைத்தேன். அந்த எண்ணம் மாறிய கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். அதில் எனக்குப் பெருமை ஒன்றுமில்லை.

நான் செய்த மொழிபெயர்ப்பு

பத்துப் பன்னிரண்டு வருடங்களுக்கு முன் என் வகுப்பில் ஒரு பையன் படித்தான். வயது பதின்மூன்று. தாய் குவைத்தில் வீட்டு வேலை. தகப்பன் ஊரில். பையனைப் பார்த்துக்கொண்டவர் தாயின் தாய். ஒருநாள் கடைத்தெருவில் நின்ற ஒரு சைக்கிளைப் பையன் எடுத்துக்கொண்டு போய் விற்றுவிட்டான். விஷயம் பொலிஸுக்குப் போய், நீதிவான் நீதிமன்றத்துக்கும் போய்விட்டது. பையனின் குடும்ப நிலைமையைப் பற்றி அறிக்கை தரும்படி நன்னடத்தை உத்தியோகத்தருக்கு நீதிவான் உத்தரவிட்டார்.

வந்தவர் ஓய்வுபெறும் வயதை நெருங்கிய ஒரு சிங்களப் பெரியவர். பஸ்ஸில் வந்து, மேட்டு வழியில் நடந்து, வியர்வையோடு அந்தச் சின்ன வீட்டுக்கு வந்து சேர்ந்தார். நல்ல மனிதர். ஆனால் அவருக்குத் தமிழ் தெரியாது. உம்மும்மாவுக்குச் சிங்களம் தெரியாது. நடுவில் மொழிபெயர்க்க என்னை அழைத்திருந்தார்கள்.

உம்மும்மா என்னைப் பார்த்துச் சொன்னார்: "மருமகன் ராவெல்லாம் குடிச்சிட்டு வந்து பிள்ளைக்கு அடிக்கிற. அத இந்த மாத்தயாக்கிட்ட சொல்லுங்கோ மௌலவி."

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "தகப்பன் கொஞ்சம் கண்டிப்பானவராம்" என்று சிங்களத்தில் சொன்னேன். முஸ்லிம் வீட்டில் குடி என்று ஒரு அந்நியரிடம் எப்படிச் சொல்வது? ஊரின் மானம் என்ன ஆவது? அந்த ஒரு நிமிடத்தில் என் மனதில் ஓடியது அவ்வளவுதான். பிள்ளையின் முதுகைப் பற்றி நான் நினைக்கவில்லை.

அறிக்கை எழுதப்பட்டது. நன்னடத்தை உத்தியோகத்தரின் மேற்பார்வையின் கீழ் தகப்பனுடைய வீட்டில் இருக்கும்படி பையனுக்குக் கட்டளையாயிற்று. மூன்று மாதம் கழித்துப் பையன் வீட்டைவிட்டு ஓடினான். கொழும்பு கோட்டை ரயில் நிலையத்தில் பொலிஸார் அவனைக் கண்டுபிடித்தார்கள்.

அதற்குள் அந்தப் பெரியவர் ஓய்வுபெற்றுப் போயிருந்தார். அவரிடத்துக்கு மலையகத்தைச் சேர்ந்த ஒரு தமிழ்ச் சகோதரி வந்திருந்தார். வழக்கம்போல நானும் போனேன். அவர் என்னிடம், "மௌலவி, கோபிக்காதீங்க, நீங்க கொஞ்சம் வெளியில இருக்கிறீங்களா?" என்றார். பிறகு சமையலறைக்குள் போய், உம்மும்மாவுக்குப் பக்கத்தில் பலகையில் உட்கார்ந்துகொண்டார். அரை மணி நேரம். அந்த அரை மணி நேரத்தில் அந்த வீட்டின் உண்மை முழுவதும் வெளியே வந்தது. நான் மறைத்ததும் சேர்த்துத்தான்.

இம்முறை பையனை உம்மும்மாவிடமே ஒப்படைத்தார்கள். மாதாமாதம் அந்தச் சகோதரி வந்து பார்த்தார். பாடசாலைக்குப் போகிறானா, எத்தனை மணிக்குத் தூங்குகிறான், யாரோடு சேர்கிறான் என்று கேட்டுக் குறித்துக்கொண்டு போவார். இன்று அவன் ஒரு வாகனத் திருத்தகத்தில் கைதேர்ந்த தொழிலாளி. உம்மும்மாவுக்கு மருந்து வாங்குபவனும் அவன்தான்.

அந்தச் சகோதரி ஒருநாள் என்னிடம் சொன்னார்: "எங்கட ஒபிஸுக்கு ஒரு முஸ்லிம் பிள்ளை வந்தா எவ்வளவு உதவியா இருக்கும் தெரியுமா?" அந்தக் கேள்வி இன்றும் என் காதில் இருக்கிறது.

இந்த முறை எங்கிருந்து வந்தது?

1841ஆம் ஆண்டு. அமெரிக்காவில் பொஸ்டன் நகரம். ஜோன் ஒகஸ்டஸ் என்ற சப்பாத்துத் தொழிலாளி ஒருவர் நீதிமன்றத்தில் இருந்தபோது, குடித்துவிட்டுப் பிடிபட்ட ஒருவனைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். ஒகஸ்டஸ் அவனுக்குப் பிணை நின்று, சில கிழமைகள் தன் பொறுப்பில் வைத்திருந்து, திருந்திய ஆளாகத் திரும்ப நீதிமன்றத்துக்கு அழைத்து வந்தார். 1859இல் இறக்கும்வரை ஏறத்தாழ இரண்டாயிரம் பேருக்கு அவர் இப்படிப் பொறுப்பேற்றார் என்று வரலாறு கூறுகிறது. சம்பளம் எதுவுமில்லை. பிறகுதான் அரசாங்கங்கள் இதைச் சட்டமாக்கின. பிரித்தானியாவில் 1907இல் சட்டம் வந்தது.

நமது நாட்டில் 1939ஆம் ஆண்டின் சிறுவர், இளம் ஆட்கள் கட்டளைச் சட்டமும் 1944ஆம் ஆண்டின் குற்றவாளிகள் நன்னடத்தைக் கட்டளைச் சட்டமும் இதற்கு அடிப்படையாக அமைந்தன. நன்னடத்தை, சிறுவர் பராமரிப்புச் சேவைகளுக்கென்று 1956இல் தனித் திணைக்களம் ஏற்பட்டது. 1987இல் வந்த பதின்மூன்றாவது அரசியலமைப்புத் திருத்தத்தின் பின் இச்சேவை மாகாண சபைகளின் பொறுப்புக்குள் வந்தது. எனவே இன்று ஒன்பது மாகாணங்களிலும் மாகாண நன்னடத்தைத் திணைக்களங்கள் இருக்கின்றன. மத்திய திணைக்களம் தேசியக் கொள்கையையும் சிறுவர் உரிமை வேலைகளையும் கவனிக்கிறது.

தண்டிப்பது மட்டுமே நீதியல்ல, திருந்துவதற்கு ஒருவர் துணை நிற்பதும் நீதியின் பகுதி என்பதே இம்முறையின் சாரம். இதை நம் வீடுகளுக்குப் புதிதாக விளக்க வேண்டியதில்லை.

உண்மையில் என்ன வேலை?

கைதிகளோடு பழகும் வேலை என்றுதான் பலரும் எண்ணுகிறார்கள். அப்படியல்ல. நன்னடத்தை உத்தியோகத்தரின் நாட்களில் பெரும்பகுதி பிள்ளைகளோடும் தாய்மாரோடும் கழிகிறது.

நீதிமன்றம் கேட்கும் சமூக அறிக்கையைத் தயாரிப்பது ஒன்று. மேற்பார்வைக் கட்டளை பெற்ற பிள்ளையைக் குறித்த காலம்வரை கவனிப்பது இன்னொன்று. துன்புறுத்தப்பட்ட, கைவிடப்பட்ட பிள்ளைக்குப் பாதுகாப்பான இடம் தேடுவதும், தகுதியான உறவினர் இருந்தால் அவரிடம் ஒப்படைக்க நீதிமன்றத்துக்குப் பரிந்துரைப்பதும் இவரது கடமையே. சிறுவர் இல்லங்களைப் போய்ப் பார்ப்பதும், பிள்ளையைச் சட்டப்படி தத்தெடுக்க விண்ணப்பிப்பவர்களின் வீட்டு நிலைமையை விசாரிப்பதும் இதே உத்தியோகத்தர்தான்.

2018இல் தண்டனைச் சட்டக்கோவை திருத்தப்பட்டு, குற்றப் பொறுப்புக்குரிய மிகக் குறைந்த வயது எட்டிலிருந்து பன்னிரண்டாக உயர்த்தப்பட்டது. சின்னப் பிள்ளையை நீதிமன்றத்தில் குற்றவாளியாக நிறுத்தக்கூடாது என்பதே இதன் நோக்கம். ஆனால் பிள்ளை தவறு செய்வது அதனால் நின்றுவிடாது. அத்தகைய பிள்ளையை வீட்டில் வைத்தே சீர்படுத்தும் வேலை இதனால் கூடியிருக்கிறது.

சேர்வது எப்படி?

இது மாகாண அரச சேவைப் பதவி. வெற்றிடம் ஏற்படும்போது மாகாண பொதுச் சேவை ஆணைக்குழுவின் ஊடாக விண்ணப்பம் கோருவார்கள். போட்டிப் பரீட்சையும் நேர்முகப் பரீட்சையும் நடக்கும். இன்று பட்டப்படிப்பே வாசற்கதவு எனலாம். எந்தப் பாடத்தில் பட்டம், என்ன வயது எல்லை, எத்தனை வருட வதிவிடம் என்பன மாகாணத்துக்கு மாகாணம் வேறுபடலாம். ஆகவே அயலவர் சொன்னார் என்று இருந்துவிடாமல், வர்த்தமானி அறிவித்தலையும் ஆட்சேர்ப்புத் திட்டத்தையும் பிள்ளையே வாங்கிப் படிக்கட்டும். வர்த்தமானி பார்க்கும் பழக்கம் நம் வீடுகளில் இல்லை. விண்ணப்ப முடிவுத் திகதி கழிந்த பிறகுதான் நமக்குச் செய்தி வருகிறது.

எந்தப் படிப்பு உதவும்? சமூகவியல், உளவியல், சட்டம், சமூகப் பணி ஆகியவை நேராகப் பொருந்துபவை. 1952இல் சமூகப் பணிக் கல்விக்கென்று தொடங்கப்பட்ட நிறுவனமே, 1992ஆம் ஆண்டின் சட்டத்தின் மூலம் தேசிய சமூக அபிவிருத்தி நிறுவனமாயிற்று. சீதுவையில் இருக்கிறது. அங்கே சமூகப் பணி டிப்ளோமாவும், 2005 முதல் சமூகப் பணி இளமாணிப் பட்டமும் உண்டு. வகுப்பறைப் பாடத்தோடு களப்பயிற்சியும் சேர்ந்திருப்பது இப்படிப்பின் சிறப்பு. பேராதனையிலோ ஒலுவில் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்திலோ சமூகவியல் படித்த நம் பிள்ளைகளும் தயங்க வேண்டியதில்லை.

ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்கிறேன். மொழி! தமிழும் சிங்களமும் தெரிந்த பிள்ளைக்கு இப்பணியில் இரட்டைப் பலம். கண்டியிலும் குருநாகலிலும் கேகாலையிலும் வளரும் நம் பிள்ளைகள் வீட்டில் தமிழும் தெருவில் சிங்களமும் பேசுகிறார்கள். இதை நாம் ஒரு செல்வமாக எண்ணுவதில்லை. என்னைப் போன்ற ஓர் இடையாள் இல்லாமல் அந்த உம்மும்மா பேசியிருந்தால் ஒரு பிள்ளையின் துன்பம் எத்தனை மாதம் குறைந்திருக்கும்!

பயிற்சி

அரச சேவையில் புதிதாகச் சேர்பவருக்கு மூன்று வருடத் தகுதிகாண் காலம் உண்டு. வேடிக்கை என்னவென்றால், ஆங்கிலத்தில் இதற்கும் நன்னடத்தைக்கும் ஒரே சொல்தான். பிறரை நன்னடத்தையில் கவனிக்கப் போகிறவரை முதலில் அரசாங்கம் கவனிக்கிறது!

இக்காலத்தில் அனுபவமுள்ள உத்தியோகத்தர்களோடு வீடுகளுக்குப் போவதும், நீதிமன்றத்தில் அமர்ந்து வழக்குகளைக் கவனிப்பதும், கோப்புகளைப் படிப்பதும்தான் உண்மையான பாடம். சட்டம் தெரிய வேண்டும். பிள்ளையின் உடலும் மனமும் எந்த வயதில் எப்படி வளர்கின்றன என்பதும் தெரிய வேண்டும். பயந்துபோன பிள்ளையிடம் ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்டுக் காயப்படுத்தாமல் பேசத் தெரிய வேண்டும்.

எல்லாவற்றையும்விடக் கடினம் அறிக்கை எழுதுவது என்று அந்தச் சகோதரி சொன்னார். கண்ணால் கண்டது எது, பிறர் சொல்லக் கேட்டது எது, தானாக ஊகித்தது எது என்று பிரித்து எழுத வேண்டும். சொன்னவர் யார், அவருக்கும் அக்குடும்பத்துக்கும் பகை ஏதும் உண்டா என்றும் பார்க்க வேண்டும். இதைக் கேட்டபோது எனக்கு அரபுக் கல்லூரி நாட்கள் நினைவுக்கு வந்தன. ஒரு செய்தியை எடுத்ததும் அதன் இஸ்னாதைப் பார், அறிவிப்பாளர் யாரென்று பார் என்று எங்கள் உஸ்தாத்மார் கற்பித்தது இதைத்தானே! அதைப் பல வருடம் ஓதிய நான், ஒரு வாக்கியத்தை நேர்மையாக மொழிபெயர்க்கத் தவறிவிட்டேன்.

பதவி உயர்வு

சேர்ந்த பிறகு அப்படியே ஒரே கதிரையில் இருந்துவிடுவதா? இல்லை. அரச சேவையின் பல பதவிகளைப் போல இதிலும் தரங்கள் உண்டு. மூன்றாந் தரத்தில் ஆரம்பித்து, இரண்டாந் தரம், முதலாந் தரம் என்று ஏற வேண்டும். இதற்குச் சேவைக் காலம் மட்டும் போதாது. வினைத்திறன்காண் தடைப் பரீட்சைகளில் சித்தியடைய வேண்டும். மற்ற அரச கரும மொழியில் தேர்ச்சி பெற வேண்டும். வருடாந்தச் செயலாற்றுகை திருப்தியாக இருக்க வேண்டும்.

இங்கேதான் நம் பெண்கள் பின்தங்கிவிடக் கூடும். பரீட்சை வரும் நேரம் பிள்ளைப்பேறாக இருக்கும், மாமியாருக்குச் சுகமில்லாதிருக்கும். ஒரு தவணை தவறினால் சம்பள ஏற்றமும் தர உயர்வும் தள்ளிப் போகும். ஆகவே தடைப் பரீட்சையை முதல் சந்தர்ப்பத்திலேயே முடித்துவிடுவது புத்திசாலித்தனம். அந்த ஒரு மாதம் கணவர் அடுப்படியைக் கவனித்தால் குறைந்துபோக மாட்டார் என்பதையும் இப்பக்கத்தைப் படிக்கும் ஆண்களுக்குச் சொல்லி வைக்கிறேன்.

உள்ளதை உள்ளபடி சொல்வதானால், திணைக்களத்தின் உச்சிப் பதவிகளான ஆணையாளர் பதவிகளுக்குப் பெரும்பாலும் இலங்கை நிர்வாக சேவையைச் சேர்ந்தவர்களே வருகிறார்கள். அங்கே போக விரும்பும் உத்தியோகத்தருக்கும் வழி அடைபட்டுவிடவில்லை. அரச சேவையில் உள்ளவர்களுக்கென்று நிர்வாக சேவைக்கு மட்டுப்படுத்தப்பட்ட போட்டிப் பரீட்சை நடத்தப்படுகிறது. அதை எழுதலாம். உளவளத்துணை டிப்ளோமா, சமூகப் பணியில் முதுமாணி என்று மேற்படிப்பும் படிக்கலாம்.

இதே படிப்போடு பொருந்தும் பக்கத்துப் பதவிகளும் உண்டு. பிரதேச செயலகங்களில் சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தர், உளவளத்துணை உத்தியோகத்தர், சமூக சேவை உத்தியோகத்தர் என்போர் இருக்கிறார்கள். 1998ஆம் ஆண்டின் சட்டப்படி அமைந்த தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபை இருக்கிறது. வளர்ந்த குற்றவாளிகளைச் சிறைக்கு அனுப்பாமல் சமூகப் பணியில் ஈடுபடுத்துவதற்கு 1999ஆம் ஆண்டின் சமுதாயஞ்சார் சீர்திருத்தச் சட்டமும் அதற்குரிய திணைக்களமும் இருக்கின்றன. ஒரு கதவு மூடியிருந்தால் அடுத்த கதவைத் தட்டலாம்.

நமக்குரிய ஒரு பொறுப்பு

2004 டிசம்பரில் கடல் பொங்கியபோது கிழக்கில் எத்தனை பிள்ளைகள் பெற்றோரை இழந்தார்கள் என்பதை கல்முனை, மருதமுனைச் சகோதரிகளுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அப்பிள்ளைகளை யார் வளர்ப்பது என்ற கேள்விக்காக 2005இல் ஒரு விசேட சட்டமே கொண்டுவரப்பட்டது. அதன்படி வளர்ப்புப் பராமரிப்பைக் கவனிக்கும் பொறுப்பு நன்னடத்தைத் திணைக்களத்திடம் வந்தது. உறவினர் வீட்டில் பிள்ளை உண்மையில் அன்போடு இருக்கிறதா, பிள்ளைக்கு வரும் உதவிப் பணத்துக்காக வைத்திருக்கிறார்களா என்று யாரோ ஒருவர் போய்ப் பார்த்தாக வேண்டும் அல்லவா?

யதீம்களின் சொத்தைப் பற்றி மார்க்கம் எவ்வளவு கடுமையாக எச்சரிக்கிறது என்பதை நாம் அறிவோம். பிள்ளையை எடுத்து வளர்ப்பது பெரும் நன்மை. ஆனால் அதன் வம்சப் பெயரை மாற்றுவது கூடாது என்பதும் நமக்குத் தெரியும். வெளியார் பலருக்கு இந்த வேறுபாடு புரிவதில்லை. ஆனால் 1989இல் ஐக்கிய நாடுகள் சபை நிறைவேற்றிய சிறுவர் உரிமைகள் சமவாயத்தின் 20ஆம் உறுப்புரையைப் பாருங்கள். பெற்றோரை இழந்த பிள்ளைக்குரிய பராமரிப்பு முறைகளில் ஒன்றாக இஸ்லாமியச் சட்டத்தின் 'கஃபாலா' அதில் பெயர் சொல்லியே குறிப்பிடப்பட்டுள்ளது. இலங்கை 1991இல் இச்சமவாயத்தை ஏற்றுக்கொண்டது. தத்தெடுப்பு வேறு, கஃபாலா வேறு என்று நீதிமன்றத்துக்கு எழுதும் அறிக்கையில் விளக்கிச் சொல்லக்கூடிய ஓர் உத்தியோகத்தர் நம் பிள்ளையாக இருந்தால் அது எவ்வளவு பயன்!

தாய்மாருக்கு ஒரு வார்த்தை

இது இலகுவான வேலை என்று ஆசை காட்ட மாட்டேன். பஸ் இல்லாத ஊருக்கும் போக நேரும். ஒருவர் கையில் பல கோப்புகள் குவிந்திருக்கும். பிள்ளையைத் துன்புறுத்தியவன் முறைத்துப் பார்ப்பான். கேட்ட கதை சில இரவுகளில் தூங்க விடாது. வீட்டுக்கு வந்து அதை யாரிடமும் சொல்லவும் முடியாது, அது அமானத். கல் நெஞ்சு உள்ளவருக்கும் இது சரிப்படாது, எல்லாவற்றுக்கும் அழுகிறவருக்கும் சரிப்படாது.

"பெண்பிள்ளை அலைந்து திரிவதா?" என்று கேட்பீர்கள். நம் ஊரில் ஒரு பெண்ணுக்குக் கஷ்டம் வந்தால் அவள் யாரிடம் பேசுவாள் என்று யோசியுங்கள். அந்நிய ஆணிடம் பேச மாட்டாள். மௌலவியிடம் பேசினால் அவர் மானத்தைப் பார்த்துப் பாதியை விழுங்கிவிடுவார், நானே சாட்சி. பெண் வைத்தியர் வேண்டும் என்று கேட்கிற நாம், பெண் நன்னடத்தை உத்தியோகத்தரும் வேண்டும் என்று இதுவரை கேட்கவில்லை.

உங்கள் அயலில் ஒரு பிள்ளை அடிபடுவது தெரிந்தால், உங்கள் மகள் உத்தியோகத்தராகி வரும்வரை காத்திருக்க வேண்டாம். பிரதேச செயலகத்தில் சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தரைச் சந்திக்கலாம். சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 என்ற இலக்கத்துக்கும் தொலைபேசியில் சொல்லலாம்.

சென்ற வருடம் என்னிடம் ஓதிய மாணவி ஒருத்தி, பல்கலைக்கழகத்தில் சமூகவியல் முடித்துவிட்டு வந்து, "இந்த வேலைக்கு விண்ணப்பிக்கலாமா, மௌலவி?" என்று கேட்டாள். தகப்பனுக்கு விருப்பமில்லை. நான் அவர் வீட்டுக்குப் போய், இங்கே உங்களுக்குச் சொன்ன சைக்கிள் கதையை, என் பிழையை மறைக்காமல் சொன்னேன். அவர் வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு மகளைக் கூப்பிட்டு, "வர்த்தமானி எப்ப வருது என்று பாருங்க மகள்" என்றார்.

உங்கள் வீட்டிலும் அப்படியொரு பிள்ளை இருக்கலாம். அவளிடம் கேட்டுப் பாருங்கள்.